துடக்கோடு போன கோயில்

அண்ணாவின் செத்தவீட்டை நான் பென்ரோஸில், வேலைத்தளத்துச் சாப்பாட்டு அறையில், மைக்ரோவேவுக்குப் பக்கத்து மேசையில் இருந்துதான் பார்த்தேன். டொரொன்டோவில் அவரைப் பார்வைக்கு வைத்த மாலை ஆறு மணி, நியூசிலாந்தில், ஒக்லாந்தில் இருக்கிற எங்களுக்கு அடுத்த நாள் காலை பத்து மணி. பத்து மணி எங்கள் ஸ்மோகோ, தேநீர் இடைவேளை. பதினைந்து நிமிடம். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தேன். பெட்டிக்குள் கிடந்தவருக்கு யாரோ கோட் போட்டு டை கட்டியிருந்தார்கள். உயிரோடு இருந்த காலத்தில் டை கட்டச் சொன்னால் சண்டைக்கு வருகிற மனிதர் அவர். தேவாரம் படித்துக்கொண்டிருந்தபோதே மணி அடித்தது. போனை அணைத்துவிட்டுப் போய் ஃபோர்க்லிஃப்ட்டில் ஏறினேன்.

டொரொன்டோவுக்குப் போயிருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். ஜப்பானுக்கு லீவு எடுத்தாயிற்று, முழங்கால் வீங்கியிருக்கிறது, கனடா விசா உடனே கிடைக்காது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னேன். எல்லாம் அரை உண்மைதான். முழு உண்மை, எனக்குக் களைப்பாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில், காலை நாலரைக்கு எழும்பிப் பாபகூராவில் ரயில் பிடிக்கிறவனுக்கு வருகிற களைப்பு ஒரு நித்திரையில் தீர்வதில்லை. சட்டப்படி கிடைக்கிற மூன்று நாள் துக்க விடுமுறையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னாள் சூப்பர்வைசர். ஒரு நாள் எடுத்தேன். வீட்டில் யாரும் இல்லை. மனைவி பதினைந்து நாளுக்கு முன்பே ஜப்பானுக்குப் போய்விட்டாள், மகளுடைய பிரசவத்துக்காக. வெறும் வீட்டில் ஒரு பகல் முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் வேலைக்கே திரும்பிவிட்டேன்.

மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். பாபகூராவில் வளர்ந்த பிள்ளை. ஒரு வருடம் ஆங்கிலம் படிப்பித்துவிட்டு வருகிறேன் என்று ஜப்பானில் மலையடிவாரத்து ஊர் ஒன்றுக்குப் போனாள். அந்த ஊர் நகரசபையில் தண்ணீர்க் குழாய்களைப் பார்க்கிற பொடியனைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். இப்போது ஒரு பெண் குழந்தை. அண்ணா இறந்த அன்று குழந்தைக்குப் பதின்மூன்றாம் நாள்.

அண்ணா கனடாவுக்குப் போகும் முன் எங்களோடு பாபகூராவில் ஏழு வருடம் இருந்தவர். மகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனதும் அவர்தான், கார் பழக்கியதும் அவர்தான். நான் அப்போது இரண்டு வேலை பார்த்தேன். அவள் குழந்தையின் படத்தை எனக்கு அனுப்புவதற்கு முன் பெரியப்பாவுக்கு அனுப்பினாள் என்பது எனக்குத் தெரியும். கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

இறந்த செய்தியை அவளுக்குச் சொல்லவேண்டாம் என்று மனைவிதான் முதலில் சொன்னாள். குளியலறைக்குள் நின்று, தண்ணீரைத் திறந்துவிட்டு, போனில் இரகசியமாகச் சொன்னாள். "பிள்ளை பெத்த பச்சை உடம்பு. அழுதாளெண்டால் பால் வத்திப்போகும். செத்தவீட்டு முப்பத்தொண்டாம் நாள் முடியட்டும், பிறகு ஆறுதலாச் சொல்லுவம்." நானும் ஓம் என்றேன். சொல்லாமல் விடுவது அந்த நேரம் சுலபமாகத் தெரிந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று இரண்டாம் நாளே தெரிந்தது. பெரியப்பா ஏன் பதில் போடவில்லை என்று மகள் கேட்டாள். போன் தண்ணீருக்குள் விழுந்துவிட்டதாம் என்றேன். வேறு போன் வாங்கவில்லையா என்று அடுத்த நாள் கேட்டாள். சொந்தக்காரர் எல்லாருக்கும் போன் எடுத்து, வாயை மூடச் சொன்னேன். மரண அறிவித்தல் இணையத்தில் படத்தோடு வந்தது. தமிழில் வந்தபடியால் தப்பினோம். அவளுக்குத் தமிழ் வாசிக்கப் பழக்காமல் விட்டதற்காக வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன். அப்படி ஒரு சந்தோஷத்தை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

பிறகு அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். அண்ணாவின் மகனுக்கு எடுத்து, தகப்பனுடைய போனிலிருந்து அவள் அனுப்பிய படத்துக்கு ஒரு கட்டைவிரல் லைக் மட்டும் போட்டுவிடச் சொன்னேன். "சித்தப்பா, இது பிழை," என்றான். பிழைதான், ஆனால் போடு என்றேன். போட்டான். செத்து எட்டாம் நாள் அண்ணாவின் போனிலிருந்து ஒரு கட்டைவிரல் ஜப்பானுக்குப் போனது. மகள் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள் என்று மனைவி சொன்னாள்.

இதற்கிடையில் கோயில் பிரச்சினை ஒன்று முளைத்தது. அந்த ஊர் வழக்கப்படி, குழந்தை பிறந்து ஒரு மாதம் கழித்து ஊர்த் தெய்வத்துக்குக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். சம்பந்தியம்மா நல்ல நாள் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டார். குழந்தைக்கு முப்பத்திரண்டாம் நாள். எங்கள் பக்கத்திலும் பிள்ளைப்பேற்றுத் துடக்கு முப்பத்தொன்றில்தான் கழியும் என்பதால் மனைவிக்கு அதில் பெரிய புளுகம், வாயெல்லாம் சிரிப்பு. ஆனால் அதே நாள் எனக்கு அண்ணாவின் துடக்கில் இருபதாம் நாள். தமிழ்நாட்டார் தீட்டு என்பதைத்தான் நாங்கள் துடக்கு என்போம். கூடப் பிறந்தவன் செத்தால் முப்பத்தொரு நாள் கோயில் வாசல் மிதிக்கக்கூடாது. கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டைச் சேர்ந்துவிடுவதால் மகளுக்கும் குழந்தைக்கும் துடக்கில்லை. எனக்கும் மனைவிக்கும் உண்டு.

வேலைத்தளத்தில் என்னோடு சென்னைக்காரர் ஒருவர் வேலை செய்கிறார். எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவர். அவரிடம் கேட்டேன். சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே, "ஜப்பான் சாமிக்கு நம்ம தீட்டெல்லாம் எப்படி சார் தெரியும்? பேசாம போயிட்டு வாங்க," என்றார். அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஒடாஹுஹுவில் ரயில் நின்றபோது யோசித்துப் பார்த்தால் நியாயமாகப் படவில்லை. தெய்வத்துக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியுமே. அண்ணாவுக்காக விமானம் ஏறவில்லை, கொள்ளி வைக்கும்போது பக்கத்தில் நிற்கவில்லை. நான் அவருக்குச் செய்வதாக மிஞ்சியிருந்தது இந்தத் துடக்கைக் காப்பது ஒன்றுதான். அதையும் விட்டால் நான் என்ன தம்பி?

விமானத்தில் பதினொரு மணித்தியாலம், பிறகு இரண்டு ரயில், ஒரு பஸ். போய் இறங்கியபோது குழந்தைக்கு இருபத்தெட்டாம் நாள். மகள் மெலிந்திருந்தாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. குழந்தையை என் கையில் தந்துவிட்டு, நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். பதினைந்து வருடமாக வீட்டில் அதுதான் நடைமுறை. அன்று பின்னேரம் குழந்தையோடு என்னையும் படம் எடுத்துப் பெரியப்பாவுக்கு அனுப்பினாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பிரயாணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

மனைவி என்னைச் சமையலறையில் பிடித்தாள். "நான் சமையலைச் சாட்டி வீட்டில நிண்டிடுவன். நீங்கள் என்ன சொல்லுவியள்?" என்றாள். முழங்கால் என்றேன். கோயிலுக்கு நூற்றுக்கு மேல் கற்படி என்று கேள்விப்பட்டிருந்தேன். இருபது வருடம் ஃபோர்க்லிஃப்ட்டில் ஏறி இறங்கியதில் கெட்டுப்போன முழங்கால் ஒருநாளாவது உதவட்டும் என்று நினைத்தேன். அதைச் சாட்டாக மகளிடமும் சொல்லிவைத்தேன்.

நல்ல மருமகன் வாய்த்தால் பொய்கூடச் சொல்ல முடியாது. மாமாவுக்கு முழங்கால் வருத்தம் என்று கேள்விப்பட்டதும், அவன் கோயிலுக்குப் போன் எடுத்திருக்கிறான். பின்பக்கமாக வாசல்வரை கார் போகிற பாதை உண்டாம். வயதானவர்களுக்கு விடுவார்களாம். ஞாயிறு காலை காரை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, எனக்காக முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, ஒரு தலையணையும் வைத்திருந்தான். இரண்டு கையாலும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவனைப் பார்க்க எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மனைவி சமையலறை ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

போகிற வழியில் மகள் அந்தத் தெய்வத்தின் கதையைச் சொன்னாள். நானூறு வருடத்துக்கு முன் அந்த ஊரின் தலைவராக இருந்தவராம். மலையைக் குடைந்து ஏழு கிராமத்து வயலுக்கு வாய்க்கால் வெட்டினாராம். செத்த பிறகு சனம் அவரையே கும்பிடத் தொடங்கிவிட்டது. அந்த ஏழு கிராமத்துக்கு வெளியே அவரை யாருக்கும் தெரியாது. பூசாரி குழந்தையின் பெயரையும் வீட்டு விலாசத்தையும் அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவாராம். அதற்குப் பிறகு குழந்தை அவருடைய பொறுப்பு. விசா அதிகாரி மாதிரிப் பெயரும் விலாசமும் கேட்கிற சாமி என்று நான் சொல்ல, மகள் சிரித்து, அதை மருமகனுக்கு ஜப்பானிய மொழியில் சொன்னாள். அவனும் சிரித்தான். சம்பந்தியம்மாவும் பின் இருக்கையில் சிரித்தார். இவ்வளவு நல்ல மனிதருக்கு நடுவில் நான் ஒரு பிணத்தை ஒளித்துவைத்துக்கொண்டு போகிறேன் என்று எனக்குத் தோன்றியது.

கோயில் பெரிதில்லை. உயர்ந்த தேவதாரு மரங்கள், சரளைக்கல் முற்றம், கறுத்துப்போன மரக் கூரை. முன்னால் வாசல். இரண்டு மரத்தூண், மேலே இரண்டு குறுக்குமரம், அவ்வளவுதான். கதவும் இல்லை, மதிலும் இல்லை. இரண்டு பக்கமும் வெறும் புல். எல்லாரும் அதற்கு முன்னால் நின்று ஒருமுறை குனிந்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். சம்பந்தியம்மா குழந்தையைத் தூக்கியிருந்தார். அப்பாவின் தாய்தான் தூக்கவேண்டுமாம். குழந்தைக்கு மேலே நீலப் பூப்போட்ட பட்டுக் கிமோனோவை விரித்து, நாடாவைத் தன் கழுத்துக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

நான் காருக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன், கால் நோகிறது என்றேன். மருமகன் முற்றத்தைக் காட்டினான். படி ஒன்றும் இல்லை, எல்லாம் சமதரை. கையை நீட்டினான். கை கழுவுகிற தொட்டி வரைக்குமாவது வாங்கோ, ஒரு படம் எடுக்கவேண்டும் என்று மகள் ஆங்கிலத்தில் கெஞ்சினாள். மூன்று பேரும் நின்று என்னைப் பார்த்தார்கள். எனக்கு வேறு பொய் வரவில்லை. இருபது நாளில் என் கையிருப்பு முடிந்துபோயிருந்தது.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. வாசலால் போனால்தானே கோயிலுக்குள் போனதாகக் கணக்கு? வலது தூணுக்கு வெளியால், புல்லுக்குள் இறங்கிச் சுற்றிப்போய், தொட்டிக்கு இந்தப் பக்கம் ஓரமாக நின்றால் அண்ணாவுக்கும் குறையில்லை, பிள்ளைக்கும் குறையில்லை. வெளிநாட்டுக் கிழவன் வழி தெரியாமல் நடக்கிறான் என்றுதானே நினைப்பார்கள். சப்பாத்து நனைய நனையப் புல்லுக்குள் நடந்தேன்.

சம்பந்தியம்மா திரும்பிப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது. என்னை நேராகப் பார்க்காமல், மகனிடம் மெல்ல ஏதோ சொன்னார். அவன் என் கால்களைப் பார்த்தான், தூணைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மகளிடம் தாழ்ந்த குரலில் கேட்டான். அவள் முதலில் சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினாள். சிரித்தபடியே என் பக்கம் திரும்பினாள். நான் நின்ற இடத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் என்னிடம் நடந்து வந்தாள். சாவு நடந்த வீட்டுக்காரர் ஐம்பது நாளைக்கு இந்த வாசலுக்குள்ளால் போகமாட்டார்கள், இப்படித்தான் சுற்றிப் போவார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அப்படியொரு வழக்கம் அங்கே இருக்கும் என்று நானும் நினைக்கவில்லை, சென்னைக்காரரும் நினைக்கவில்லை. என் முகத்தில் அவள் என்ன கண்டாளோ, அதற்கு மேல் ஆங்கிலம் வரவில்லை.

"ஆரப்பா?" என்றாள்.

"பெரியப்பா."

"எப்ப?"

"இண்டைக்கு இருபது நாள்."

அவள் போனை எடுத்தாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். தேடி எடுத்து, அந்தக் கட்டைவிரலை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். நான்தான் பெரியப்பாவின் மகனைக் கொண்டு போடுவித்தேன் என்றேன். அம்மா பயந்தாள், உனக்குப் பால் வற்றிவிடும் என்று பயந்தோம், முப்பத்தொன்று முடியச் சொல்லுவோம் என்றிருந்தோம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். சொல்லச் சொல்ல எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சம்பந்தியம்மா குழந்தையோடு கிட்ட வந்து, இரண்டு அடி தள்ளி நின்று, மெல்லப் பேசினார். மகள் கண்ணைத் துடைக்காமலே எனக்கு மொழிபெயர்த்தாள். முந்தின காலத்தில் பிள்ளை பெற்ற தாய் இதற்கு வருவதே இல்லையாம், அப்பம்மா மட்டும்தான் கொண்டுவருவாராம், தெய்வம் பிழையாக எடுக்காதாம். நாளை மாற்றினாலும் சரியாம், நடத்தினாலும் சரியாம், மகளின் விருப்பமாம். மகள் ஏதோ பதில் சொல்லிக் குனிந்தாள். சம்பந்தியம்மா குழந்தையைத் தாங்கியபடியே எனக்கும் குனிந்தார். நானும் குனிந்தேன். அவரும் மருமகனும் குழந்தையோடு கட்டடத்துக்குள் போனார்கள்.

"நீயும் போ, பிள்ளை. கட்டிக் குடுத்த பிள்ளைக்குத் துடக்கில்லை," என்றேன்.

அவள் நான் வந்த வழியாலேயே, தூணைச் சுற்றி, புல்லுக்குள்ளால் வெளியே நடந்து, பாதையோரத்துக் கல்லில் இருந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். உள்ளே மேளம் இரண்டு தரம் அடித்தது. பூசாரி வாசிக்கத் தொடங்கினார். குழந்தையின் பெயர் மட்டும் எனக்கு விளங்கியது.

பிறகு குழந்தை அழுதது. மகள் எழும்பினாள், நின்றாள், திரும்ப இருந்தாள். அவளுடைய சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்து பரவியது. நாங்கள் இருபது நாளாக எதற்குப் பயந்து பொய்மேல் பொய் சொன்னோமோ, அது அங்கே தன்பாட்டுக்குச் சுரந்துகொண்டிருந்தது. நான் கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் வாங்கிப் போர்த்துக்கொண்டு, அந்தக் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்து, பெரியப்பா பெரியப்பா என்று அழுதாள். நானும் அழுதேன். அண்ணா செத்து இருபது நாளில் அன்றுதான் அழுதேன்.

வாசிப்பு முடிகிற நேரம் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னும் எத்தினை நாள்?"

"பதினொண்டு."

"எனக்கும் பதினொண்டுதான்," என்றாள்.

உனக்கில்லை என்று மறுபடி சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை.